சித்தி கொண்டி போட்டுத்தான் இருந்தாள்

கூட்டுக்குள் கீரி நுழைந்தது கதவு வழியாக அல்ல. அன்றைக்குக் காலையிலேயே இது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிவதற்கு முன்னால் சித்தியிடம் சத்தம் போட்டிருந்தேன். தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். சத்தம் போட்டதை யாரும் மன்னித்துவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கரிசல் புஞ்சை, அதை ஒட்டி வேலிக்கருவைக் காடு. சித்தி என் அம்மாவின் தங்கை. சித்தப்பா போன பிறகு எங்களோடு வந்து இருக்கிறாள். எழுபதைத் தாண்டியாகிவிட்டது. வீட்டில் கோழி சம்பந்தமான எதிலும் அவள் வைத்ததுதான் சட்டம். சனிக்கிழமைச் சந்தையில் நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்துப் பொறுக்கிய சிறுவிடைகள். எந்தக் கோழியை அடை வைப்பது, எந்த முட்டை கூமுட்டை, 21 நாளில் பொரிக்காததை இன்னும் ஒரு நாள் விட்டுப் பார்ப்பதா வேண்டாமா, எல்லாம் அவள் கணக்கு. வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி போடும் முகாம் என்றைக்கு என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். கூடு ஒன்றுதான் நான் கட்டியது.

என் பிழைப்பைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்ததன் கனம் புரியாது. வேலைக் காலம் முழுக்க, இந்தச் சுற்றுவட்டாரத்தில் வீடுகளுக்கு அஸ்திவாரம் போடுவதை மேற்பார்வை பார்த்தவன் நான். கரிசலில் கட்டுகிறவனுக்கு முதல் பாடம், அந்த மண்ணை நம்பக்கூடாது என்பது. மழை குடித்தால் உப்பும், வெயில் அடித்தால் சுருங்கிப் பிளக்கும். அதில் உள்ள மான்ட்மோரிலோனைட் என்ற களிக் கனிமம்தான் காரணம். அதன் ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் ஏடுகள் விலகும், காய்ந்தால் மறுபடி நெருங்கும். சித்திரையில் எங்கள் புஞ்சையில் குறுக்கே நடந்தால் செருப்பு மாட்டுகிற அளவுக்கு வெடிப்பு இருக்கும். சிலவற்றில் கம்பை விட்டால் பாதிக்கு மேல் இறங்கிவிடும். பருத்திக்கும் உளுந்துக்கும் இந்த மண் நல்லது. 1901இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்ததும் இந்த மானாவாரிச் சீமைக்காகத்தான். ஆனால் கட்டடத்துக்கு இது எமன். ரூர்க்கியில் இருக்கிற மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மாதிரி மண்ணுக்கென்றே ஒரு வகைத் தூணை வகுத்துக் கொடுத்தது. ஈரம் கூடிக் குறையாத ஆழம் வரை துளை போட்டு, அடியில் குடைந்து அகலப்படுத்தி, அதில் கம்பி கட்டிக் கான்கிரீட் வார்ப்பார்கள். மேல்மண் எவ்வளவு எம்பினாலும் அடியில் விரிந்த பாகம் பிடித்துக்கொள்ளும். அந்தச் செலவு தாங்காதவர்கள் கரிசலை வெட்டி எடுத்துவிட்டு, சுக்கான் தட்டும் வரை இறங்கி, சரள் நிரப்பி, தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். "அண்ணாச்சி, மேல எதுல வேணும்னாலும் மிச்சம் பிடிங்க, கீழ மட்டும் கை வைக்காதீங்க" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

கோழிக்கூட்டில் நான் கீழேதான் மிச்சம் பிடித்தேன்.

பத்தடிக்கு ஆறடி. மேலே தகரம். இடுப்பளவு செங்கல் சுவர், அதற்கு மேல் வெல்டு மெஷ் வலை. இரும்புச் சட்டம் போட்ட கதவு, கொண்டி, கொண்டியில் செருக ஒரு கம்பி. பருந்து இறங்கக்கூடாது, காட்டுப்பூனை நுழையக்கூடாது, மரநாய் கூரைச் சந்தில் வரக்கூடாது என்று ஒவ்வொரு இடுக்கையும் கம்பி வைத்து முறுக்கினேன். சுவருக்கு அஸ்திவாரம் என்று பார்த்தால் மண்ணுக்குள் ஒரே ஒரு வரி செங்கல். தரை வெறும் கரிசல். அதன்மேல் கடலைத் தோலைப் பரப்பினேன். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது ஊருக்கெல்லாம் தெரிந்த செய்தி. அந்தப் பக்கம் கடலைத் தோலுக்குப் பஞ்சமே இல்லை என்பது கோழி வளர்க்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த செய்தி.

கட்டி முடித்த அன்று சித்தி சுற்றி வந்து பார்த்தாள். கையில் இருந்த குச்சியால் சுவரின் அடியைக் குத்தினாள்.

"கல்லு பாவலையாய்யா?"

"கோழிக்கு மண்ணுதான் சித்தி நல்லது. கிளறி மேயணும்ல."

பொய்யில்லை, கோழி கிளற வேண்டிய பிராணிதான். ஆனால் நான் அதைச் சொன்னது கோழியின் நலனுக்காக அல்ல. தகரத்திலும் வலையிலும் நினைத்ததைவிட அதிகம் போய்விட்டது. சரளுக்கும் டிராக்டர் வாடகைக்கும் இன்னொரு தடவை பணம் எடுக்க மனசில்லை. இன்னொன்றும் உண்டு. தகரமும் வலையும் வருகிறவர் போகிறவர் கண்ணில் படும், 'நல்லாக் கட்டியிருக்கீங்க' என்பார்கள். தரையை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

சித்தி கல்லைக் கேட்டது சும்மா அல்ல. அவள் பிள்ளைப் பிராயத்தில் கோழிக்குத் தனி வீடு கிடையாது. பொழுது சாய்ந்தால் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைப்பார்கள். கவிழ்த்தது வீட்டுத் திண்ணையில். அதாவது, கோழிக்குக் கீழே இருந்தது பலகைக்கல் பாவிய மனுஷத் தரை. பஞ்சாரத்தின் பின்னலைப் பற்றி எல்லோரும் பேசுவோம், அது எந்தத் தரையின் மேல் கவிழ்ந்திருந்தது என்பதை யாரும் பேசமாட்டோம். நாமக்கல் பண்ணைகளில் முட்டைக் கோழியின் கூண்டுகளைத் தூண் நட்டு ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் கரிசல் மக்காச்சோளத்தைத் தின்றுவிட்டு அந்தக் கோழிகள் மண்ணையே மிதிப்பதில்லை. கோழியின் வாழ்க்கைக்கு அது நல்லதா என்பது வேறு வழக்கு. ஆனால் அடியிலிருந்து வருகிற எதிரி அங்கே இல்லை.

கூடு கட்டியது மாசியில். பங்குனி, சித்திரை வெயிலுக்குத் தரை வெடித்தது. மேலே கடலைத் தோல் மூடியிருந்ததால் உள்ளே தெரியவில்லை. வெளியே தெரிந்தது. வடகிழக்கு மூலையில் செங்கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி. பார்த்தேன், இரண்டு மண்வெட்டி மண்ணை அள்ளிப் போட்டு மிதித்தேன். காய்ந்த வெடிப்பில் காய்ந்த கரிசலைப் போட்டு மிதித்தால் அது எத்தனை நாளைக்கு நிற்கும் என்று என்னைவிடத் தெரிந்தவர்கள் ஊரில் குறைவு.

முதலில் வந்தது பெருச்சாளி. கோடையில் கரிசலைத் தோண்டுவது அதற்கும் லேசு இல்லை. ஐப்பசி மழைக்கு மண் இளகியதும் அந்த மூலையில் வளை போட்டது. அது வந்தது சிந்திக் கிடந்த மக்காச்சோளக் குருணைக்கு. நடுவில் குஞ்சுகளும் ஒன்றிரண்டு காணாமல் போயின, நாங்கள் பருந்தைத் திட்டினோம். வளைக்கு ஒரு வாய் சுவருக்கு வெளியே, இன்னொரு வாய் கூட்டுக்குள்ளே, முட்டையிடுகிற கூடைக்குப் பின்னால். பிறகு அந்த வளையைக் கீரி கண்டுபிடித்தது. கீரிக்குத் தோண்டத் தெரியும், அதற்கேற்ற நகம் உண்டு. ஆனால் அடுத்தவன் தோண்டிய வழி தயாராக இருக்கும்போது அது ஏன் மெனக்கெடப் போகிறது? கொஞ்சம் அகலப்படுத்திக்கொண்டால் போதும்.

மார்கழியில் ஒரு காலை, சித்தியின் சத்தம் கேட்டு ஓடினேன். கழுத்தில் கடிபட்ட கோழிகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடந்தன. தின்றது கொஞ்சம், கொன்றது அதிகம். அடைபட்ட இடத்தில் கோழிகள் படபடத்துப் பறக்கப் பறக்க, உள்ளே புகுந்த பிராணி கடித்துக்கொண்டே போகும். அடையில் இருந்த கோழி முட்டையை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. நான் போகும்போது கதவு திறந்திருந்தது. திறந்தவள் சித்திதான், காலையில் திறக்க வந்தவள்தானே. அதையெல்லாம் நினைத்துப் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

"ராத்திரி கொண்டியப் போட்டீங்களா இல்லையா?"

"போட்டேன்யா. கம்பியும் சொருகுனேன்."

"போட்டா எப்படி உள்ள வரும்?"

சித்தி கொஞ்சம் தயங்கினாள். "போட்ட மாதிரிதான் இருக்கு" என்றாள்.

அந்த 'மாதிரி'யைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு மேல் என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதக் கை வரவில்லை. வயதைச் சொன்னேன், கண்ணைச் சொன்னேன். வீட்டில் எல்லோருக்கும் கேட்டது.

வெயில் ஏறிய பிறகு கூட்டைச் சுத்தம் செய்யப் போனேன். முட்டைக் கூடையை நகர்த்தினால், வளை. இறகும் ரத்தமும் அதை நோக்கி இழுபட்டிருந்தன. ஒரு கோழியை இழுத்துக்கொண்டு போகப் பார்த்து, முடியாமல் வாயிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தது. ஒரு பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது. கீரி பகலில் இரை தேடுகிற பிராணி, ராத்திரிக் கொண்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வெளிச்சம் வந்து சித்தி திறக்க வருவதற்குள் கிடைத்த நேரத்தில், நான் விட்டுவைத்த தரை வழியாக அது வந்து போயிருக்கிறது.

சித்தி பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. ஒரு முழுச் செங்கல்லை வளைக்குள் திணித்தேன், மண் தள்ளினேன், கடலைத் தோலை மேலே இழுத்துவிட்டேன். கூடையை இருந்த இடத்தில் வைத்தேன். கை கழுவப் போனபோது சித்தி எனக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றினாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'அஸ்திவாரக்காரர் கட்டின கூட்டுல அடிவழியா கீரி வந்துச்சாம்' என்று டீக்கடையில் பேசியிருப்பார்கள். ஒரு வாரம் சிரித்திருப்பார்கள். அந்த ஒரு வாரச் சிரிப்புக்குப் பயந்து, ஒரு கிழவியைத் தன் புத்தியையே சந்தேகப்பட விட்டேன்.

அதன் பிறகு நடந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பால்காரர் கணக்கை அதுவரை மனசில் வைத்திருந்தவள், "எனக்கு ஞாபகம் நிக்க மாட்டேங்குது தாயி, நீயே பாத்துக்கோ" என்று என் மனைவியிடம் கொடுத்துவிட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அணைத்தேனா என்று கேட்பாள். அடை வைத்த தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கச் சொன்னாள், வாழ்நாளில் அவள் அப்படிக் கேட்டதில்லை. ராத்திரியில் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொண்டியை இழுத்துப் பார்த்துவிட்டு வருவாள். படுக்கையில் கிடந்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்பேன். சென்னையில் இருக்கிற மகளிடம் போனில், "சின்னாச்சிக்கு மறதி ஜாஸ்தியாயிட்டு வருது" என்று நானே சொன்னேன். ஏன் சொன்னேன்? ஒரு பொய்யைத் தனியாகச் சுமப்பதைவிட அதற்கு இன்னொரு சாட்சி கிடைத்தால் நல்லது என்று தோன்றியிருக்க வேண்டும். பிள்ளை பதறிப்போய் வல்லாரைப் பொடி டப்பாக்களைப் பார்சலில் அனுப்பியது. சித்தி காலையும் மாலையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு தேனில் குழைத்துத் தின்றாள்.

இன்னொன்றையும் ஒளிக்கக்கூடாது. அந்த நாட்களில் என் கோபம் முழுக்கக் கீரி மேல் போயிற்று. வயலுக்குப் போடுகிற குருணை மருந்தை முட்டைக்குள் வைத்துப் போடுவது எங்கள் பக்கம் கேள்விப்படாத விஷயம் அல்ல. அப்படி வைத்தால் கீரி மட்டுமா தின்னும்? நாய் தின்னும், காக்கை தின்னும், காடெல்லாம் திரிகிற மயில் கொத்தும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரியைக் கொல்வது குற்றம் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தும் மருந்து வாங்கி வந்துவிட்டேன். சித்தியிடம் ஒரு முட்டை கேட்டேன். எதற்கென்று கேட்டாள், சொன்னேன். "நான் கொண்டி போடாததுக்கு அது ஏன்யா சாகணும்?" என்றாள். மருந்தைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

கீரியின் மேல் பழி போடுவது பழைய பழக்கம்தான். 1872இல் எஸ்பியூட் என்ற கரும்புத் தோட்டக்காரர், வயல் எலிகளை ஒழிக்க, இந்தியாவிலிருந்து ஒன்பது கீரிகளை ஜமைக்காவுக்கு வரவழைத்தார். அவை பெருகின. எலியைத் தின்றன, பிறகு தரையில் கூடு கட்டும் பறவைகளையும் வீட்டுக் கோழிகளையும் தின்றன. உடனே கீரி அங்கே குற்றவாளி ஆகிவிட்டது. ஜப்பானில் அமாமி ஒஷிமா தீவில் பாம்பைப் பிடிக்கட்டும் என்று 1979இல் விட்டார்கள். பாம்பு வெளியே வருவது ராத்திரியில், கீரி சுற்றுவது பகலில். கீரி அந்தத் தீவின் அபூர்வ முயல்களைத் தின்றது. கடைசிக் கீரியும் ஒழிந்தது என்று 2024இல்தான் அறிவித்தார்கள். எங்கள் வீட்டுப் பக்கம் வருவது அதே இனம் அல்ல, சாம்பல் கீரி. ஆனால் கட்டினவனின் கணக்குப் பிழைக்குப் பிராணி பொறுப்பேற்க வேண்டும் என்கிற நியாயம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலும்.

நான் திணித்த செங்கல்லுக்குப் பக்கத்திலேயே மறுபடியும் புது மண் வந்தது. அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. புத்தியா, வேறு வழி இல்லாமையா, சரியாகச் சொல்ல முடியவில்லை. வைகாசியில் ஆள் வைத்துத் தரையை எடுத்தேன்.

உள்ளே ஒன்றரை அடிக்குக் கரிசலை வெட்டி அப்புறப்படுத்தினோம். அந்தக் குழியில் சரள் போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் திமிசு போட்டு இடித்தோம். அதன்மேல் தரை முழுக்க அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், ஓரங்களை மடக்கிச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்தது. அதற்கு மேல் சரளும் மணலும் அரை அடிக்கு. வலை மேலே தெரிந்தால் கிளறுகிற கோழியின் கால் கிழியும். கடைசியாகக் கடலைத் தோல். தோல் நனைந்தால் உடனே அள்ளிவிட வேண்டும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், ரத்தக்கழிச்சலும் வரும். கான்கிரீட் போட்டுவிடலாமே என்று கொத்தனார் சொன்னார். கரிசலின் மேல் நேராக மெல்லிய கான்கிரீட்டை ஊற்றினால், அடுத்த மழைக்கு மண் எம்பி அது விரியும். வெளியே பார்க்கக் கெட்டியாகத் தெரிகிற, அடியில் பொந்து விழுந்த தரை. அந்த மாதிரி ஒன்று எனக்கு மறுபடி வேண்டாம்.

உண்மையில் காவல் காக்கிற வேலை வெளியே இருக்கிறது. நான்கு பக்கமும் சுவரின் அடியிலிருந்து வெளிப்புறமாக இரண்டடி அகலத்துக்கு அதே வலையைப் படுக்கப் போட்டு, சுவரோடு இறுக்கி, மேலே நாலு விரல் மண்ணும் கல்லும் பரப்பினோம். தோண்டுகிற பிராணி சுவரை ஒட்டித்தான் தோண்டும். நகத்தில் கம்பி தட்டினால் இடப்பக்கம் நகரும், வலப்பக்கம் நகரும். இரண்டடி பின்னால் போய் அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று பொதுவாக அதற்குத் தோன்றுவதில்லை. நட்டுக்குத்தலாகப் புதைக்கிறவர்களும் உண்டு, செம்மண் சீமையில் அது சரி. கரிசலில் அப்படிப் புதைத்த வலையை மண்ணே ஒவ்வொரு வருஷமும் பிடித்து இழுக்கும். படுத்துக் கிடக்கிற வலை மண்ணோடு சேர்ந்து ஏறும், இறங்கும், அறுந்துபோகாது. 'கோழிவலை' என்று கடையில் மலிவாகக் கொடுக்கிற அறுகோணக் கண் வலையை வாங்காதீர்கள். அது கோழியை உள்ளே வைக்கும், பெருச்சாளியை வெளியே வைக்காது. துத்தநாகப் பூச்சு அவசியம். எச்சத்தின் அம்மோனியா சாதாரணக் கம்பியைச் சீக்கிரம் தின்றுவிடும். எல்லாம் சேர்த்து ஆன செலவு, கட்டும்போதே செய்திருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிட அதிகம். வீட்டுக்காரர்களிடம் நான் காலமெல்லாம் சொன்ன கணக்குதான்.

வடகிழக்கு மூலையை வெட்டும்போது சித்தி அங்கேயே நின்றாள். வேலையாள் மண்வெட்டியைப் போட்டதும் செங்கல் வந்து விழுந்தது, முழுச் செங்கல்.

"இத யாரு உள்ள வச்சது?" என்றாள்.

வேலையாள் என்னைப் பார்த்தார். "நான்தான் சித்தி" என்றேன். அவரைத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டு, மிச்சத்தையும் சொன்னேன். வளையைப் பார்த்தது, மூடினது, அன்றைக்கே தெரிந்தது.

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கேதான்."

கொஞ்ச நேரம் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப நான் கொண்டி போட்டிருக்கேன்" என்றாள், என்னிடம் இல்லை. பிறகு, "அந்தப் பொடிய இனித் திங்க வேண்டாம்ல? வாயில வைக்க முடியல" என்றாள்.

"வேண்டாம் சித்தி."

"நல்லது. அந்தப் பிள்ளைட்டயும் நீயே சொல்லீரு. பாவம், காசு போட்டு அனுப்பிக்கிட்டு இருக்கு."

பால் கணக்கு மறுநாளே சித்தி கைக்குத் திரும்பிவிட்டது. மகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சின்னாச்சி எப்படி இருக்கிறாள் என்று போனில் கேட்கும்போதெல்லாம், கூட்டுக்குத் தரை போட்ட கதையை விலாவாரியாகச் சொல்கிறேன், சரளின் விலை, வலையின் விலை, எல்லாம். போன வாரம் இன்னொரு டப்பா வந்து சேர்ந்தது. மகள் இந்தப் பத்திரிகையை விடாமல் படிக்கிறவள்.